பகலில் தென்படும் முள்ளெலி

பிரிட்டனில் மே மாதம் பிறந்துவிட்டால் காட்டுயிர் மறுவாழ்வு நிலையங்களின் தொலைபேசிகளுக்கு ஓய்வு கிடையாது. அழைப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள்: "எங்கள் தோட்டத்தில் ஒரு முள்ளெலி இருக்கிறது, என்ன செய்ய வேண்டும்?" அத்தகைய நிலையம் ஒன்றில் மாலை வேளைகளில் தன்னார்வலராகத் தொலைபேசியை எடுத்துப் பேசுவதும், தேவைப்பட்டால் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியை வாங்கி வருவதும் சில ஆண்டுகளாக என் வேலை. அந்தக் கேள்விக்கு நான் உடனே விடை சொல்லிவிடுவதில்லை. அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். நடக்கிறதா, படுத்திருக்கிறதா, நடந்தால் எங்கேயோ போக வேண்டும் என்பதுபோல் நடக்கிறதா, தள்ளாடுகிறதா, கிட்டே போனால் சுருண்டுகொள்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிப்பதற்குள் பாதி அழைப்புகளில் விடை தானாகவே தெரிந்துவிடும். மருந்தும் ஊசியும் மருத்துவரின் பாடு. அந்த விலங்கைக் கையில் எடுப்பதா, இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதா என்ற முடிவோ, அந்த நேரத்தில் தோட்டத்தில் நிற்பவருடையது. முள்ளெலிக்கு உதவுவதில் கடினமான வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் பேசுவது ஐரோப்பிய முள்ளெலியைப் பற்றி. தென் தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளிலும் தேரிகளிலும் வாழும் முள்ளெலி வேறோர் இனம், உருவத்திலும் சிறியது. இங்கே வரும் எடைக் கணக்குகளையும் குளிர்கால விவரங்களையும் அதற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஐரோப்பிய முள்ளெலி வளர்ந்த நிலையில் 600 கிராம் முதல் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரை இருக்கும். வண்டுகளையும் கம்பளிப்புழுக்களையும் மண்புழுக்களையும் தேடி ஓரிரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்துவிடும். ஆபத்து என்று பட்டால் ஓடாது. முதுகுத் தோலின் விளிம்பைச் சுற்றியோடும் ஒரு தசையை இறுக்கி, சுருக்குப்பையின் வாயை இழுத்து மூடுவதுபோல் முகத்தையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். நரிக்கு முன்னால் உயிரைக் காக்கும் இந்த வழக்கம் கார்ச் சக்கரத்துக்கு முன்னாலும் புல்வெட்டிக்கு முன்னாலும் உயிரை வாங்குகிறது. பிரிட்டனின் பாலூட்டிகளுக்கான 2020ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியல் இதனை 'அழிவாய்ப்புள்ள' இனங்களில் சேர்த்தது, 2024இல் ஐ.யூ.சி.என். என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் உலக அளவில் 'அச்சுறுத்தலை நெருங்கிய' இனமாக இதனை அறிவித்தது. பிரிட்டனின் ஊர்ப்புறங்களில் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு 30 முதல் 75 விழுக்காடு வரை இவை குறைந்துவிட்டன என்று 2022ஆம் ஆண்டின் அறிக்கை கூறுகிறது. தனித்தனி விலங்குகளைக் காப்பாற்றி இந்தச் சரிவை நிறுத்திவிட முடியாது என்பதை நிலையத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அறிவோம். ஆயினும் பெட்டியில் வந்து சேரும் ஒவ்வொன்றும் பெரும்பாலும் மனிதன் செய்த ஏதோ ஒரு காரியத்தால்தான் அங்கே வந்திருக்கிறது.

முள்ளெலி இரவில் திரியும் விலங்கு. ஆகவே பகலில் வெளியே காணப்பட்டால் ஏதோ கோளாறு என்பது பொது விதி. விதி நல்ல விதிதான். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அது உயிர் சம்பந்தப்பட்ட விலக்கு. ஜூன், ஜூலை மாதங்களில் குட்டி போட்ட தாய் கூட்டுக்கு இலை சேர்ப்பதற்காகவோ, பாலூட்டிக் களைத்துப்போய் ஒரு வாய் தண்ணீருக்காகவோ உணவுக்காகவோ பகலிலும் வெளியே வருவதுண்டு. அதைப் பாவம் பார்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டால், புதருக்கடியில் நான்கைந்து குட்டிகள் தாயில்லாமல் குளிர்ந்துபோகும். இரண்டையும் பிரித்தறிவதற்கு நடையைப் பார்த்தால் போதும். தாய் விறுவிறுவென்று போகும், வாயில் காய்ந்த இலைகளைக் கவ்வியிருக்கும், வேலையை முடித்துக்கொண்டு வந்த வழியே புதருக்குள் மறைந்துவிடும். நோயுற்றது திறந்தவெளிப் புல்லில் வெயிலில் கிடக்கும். "வெயில் காய்கிறது, பார்க்கவே அழகாக இருக்கிறது" என்று சொல்லிப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் பலர். முள்ளெலிக்கு வெயில் காயும் வழக்கம் கிடையாது. உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலையில்தான் அது வெயிலைத் தேடி வந்து, கால்களைப் பரப்பிக்கொண்டு படுக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நாங்கள் பெட்டியைத் தேடச் சொல்வோம்.

உடல் வடிவமும் நிறையச் சொல்லும். மேலிருந்து பார்க்கும்போது நலமான முள்ளெலி மழைத்துளியின் வடிவில் இருக்கும். மூக்கு கூராகத் தொடங்கி, இடைவெளியே தெரியாமல் அகன்று, பின்புறம் உருண்டு முடியும். பட்டினி கிடந்ததற்குத் தலைக்குப் பின்னால், கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பள்ளம் விழுந்திருக்கும். விலாப்புறம் உள்வாங்கி, இடுப்பு எலும்பு இருபுறமும் புடைத்துத் தெரியும். கண்கள் உருண்டு மினுங்குவதற்குப் பதிலாக நீள்வாக்கில் சுருங்கியிருக்கும். தொட்டால் இறுகச் சுருண்டுகொள்வது நல்ல அறிகுறி. பாதி சுருண்டு, முகம் வெளியே தெரிய, முயற்சியைக் கைவிட்டதுபோல் கிடப்பது கெட்ட அறிகுறி. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை.

நோய் என்று தவறாக எண்ணப்படுபவையும் உண்டு. அவற்றில் மிக விசித்திரமானது, முள்ளெலி தன் மேலேயே நுரையைப் பூசிக்கொள்வது. புதிய வாசனை ஏதாவது கிடைத்தால், அது பழைய தோல் செருப்பாக இருந்தாலும் சரி, சுருட்டுத் துண்டாக இருந்தாலும் சரி, அதை மென்று வாய் நிறைய நுரை சேர்த்து, உடம்பை நம்ப முடியாத அளவுக்கு முறுக்கி, நீண்ட நாக்கால் முதுகு முட்களின்மேல் அந்த நுரையை அப்பிக்கொள்ளும். பார்த்தவர்கள் வெறிநோய் என்று பதறிப்போய் அழைப்பார்கள். ஏன் இப்படிச் செய்கிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நலமான விலங்கும் செய்யும் காரியம் இது. அதேபோல் வேனில் இரவுகளில் இரண்டு முள்ளெலிகள் மணிக்கணக்கில் ஒன்றையொன்று வட்டமிட்டு, நீராவி எஞ்சினுக்குப் போட்டியாக மூச்சை இறைத்துக்கொண்டிருந்தால் அது சண்டையன்று, காதல். பெண் சம்மதிக்கும்வரை ஆண் சுற்றிக்கொண்டேயிருக்கும். பிரித்துவிட வேண்டாம். உடம்பில் ஒன்றிரண்டு உண்ணிகள் இருப்பதும் இயல்பே. முகமெல்லாம் உண்ணி மொய்த்திருந்தால் அந்த விலங்கு ஏற்கெனவே வேறு எதனாலோ நலிந்திருக்கிறது என்று பொருள். எண்ணெயையோ வாசலினையோ தடவி உண்ணியைக் கழற்றும் கைவைத்தியம் ஆகாது; மூச்சு முட்டிய உண்ணி தன் வயிற்றிலிருப்பதை விலங்கின் இரத்தத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும்.

எந்தச் சந்தேகமும் இல்லாமல் கையில் எடுக்க வேண்டியவை வேறு: இரத்தம் தெரிவது, கால் இழுபடுவது, வலைகளில் சிக்கிக் கிடப்பது, ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பது, விடாமல் இருமுவது, நாய் கவ்வியது, பகலில் தனியே திரியும் சிறு குட்டி. வெப்பமான மாதங்களில் இந்தப் பட்டியலின் தலைமேல் வர வேண்டியது ஈ மொய்ப்பது. காயம்பட்டோ நலிந்தோ அசையாமல் கிடக்கும் விலங்கின்மேல் பச்சை ஈக்கள் முட்டையிட்டுவிடும். முட்களின் அடியிலும், காதுக்குள்ளும், கண்ணோரத்திலும், காலிடுக்கிலும் வெளிர்மஞ்சள் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய கொத்துகளாக அவை இருக்கும். வெயில் நாளில் அதே நாளுக்குள் பொரித்துப் புழுக்கள் தசைக்குள் இறங்கிவிடும். நிலையத்தில் இதனைச் சுத்தம் செய்வதைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விளக்கை மிகத் தாழ்வாக இறக்கிக்கொண்டு, ஒருவர் துவாலையில் விலங்கைப் பிடித்திருக்க, இன்னொருவர் முள் முள்ளாக விலக்கி, உலர்ந்த சிறு தூரிகையால் முட்டைகளைச் சுரண்டியெடுப்பார். காதுக்குள் ஒட்டியவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு கொத்தை விட்டுவிட்டாலும் மறுநாள் காலையில் அது தன் இருப்பை அறிவிக்கும். ஒரே விலங்குக்கு இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கும். அதனால்தான் ஈ மொய்க்கிறது என்று தொலைபேசியில் கேட்டவுடன், காலையில் கொண்டுவருகிறேன் என்பவரிடம் இப்போதே புறப்படுங்கள் என்று சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறோம்.

எடுப்பது என்று முடிவாகிவிட்டால் தடித்த தோட்டக் கையுறையோ மடித்த துவாலையோ போதும். முட்கள் கழன்று கையில் ஏறிவிடும் என்ற அச்சம் வேண்டாம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த முட்கள் இறுகிப்போன உரோமங்களே, உடம்பிலேயே நிற்கும். கையுறை முள்ளுக்காக மட்டுமன்று, முள்ளெலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய ஒருவகைப் படர்தாமரையும் சால்மொனெல்லா கிருமியும் உண்டு என்பதற்காகவும்தான். இரு கைகளையும் பக்கவாட்டிலிருந்து அடியில் கொடுத்து ஏந்தியெடுத்து, விளிம்பு உயர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும். முள்ளெலி மிக நன்றாக ஏறும். தாழ்வான கூடையில் வைத்துவிட்டுப் போனால் காலையில் அது குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள ஒரு பழைய துவாலையோ கம்பளித் துணியோ வேண்டும். நூல் பிரிந்து தொங்கும் துணி மட்டும் கூடாது, காலில் சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது சூடு. உணவுக்கும் தண்ணீருக்கும் முன்னால் சூடு. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணமிருக்கிறது. நலிந்த உயிரைக் கண்டதும் அதற்கு ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும் என்பதுதான் மனித இயல்பு, எல்லா நாட்டிலும் அப்படித்தான். முள்ளெலியின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். அது வெகுவாகக் கீழே இறங்கிவிட்ட விலங்கின் குடல் வேலை செய்வதை நிறுத்திவிட்டிருக்கும். இரத்தவோட்டம் இதயத்துக்கும் மூளைக்கும் மட்டும் சுருங்கியிருக்கும். அந்த நிலையில் உள்ளே போகும் உணவு செரிக்காது; வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் இறங்கினாலும் இறங்கும். வெந்நீர்ப் பையையோ, மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் போத்தலில் வெந்நீரையோ துவாலையில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் விலங்கு நகர்ந்துகொள்ள மறு பாதி வெறுமையாக இருக்க வேண்டும். வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. ஆறிப்போன வெந்நீர்ப் பை, ஒன்றுமே வைக்காமல் விட்டதைவிடக் கேடு; மிச்சமிருக்கும் உடல் சூட்டையும் அது உறிஞ்சிவிடும். கோடையில் வெயிலடித்துத் துவண்ட விலங்குக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதற்குத் தேவை நிழலும் தண்ணீரும்.

வெந்நீர்ப் பை வைத்த பெட்டியை வீட்டுக்குள், நாயும் குழந்தைகளும் தொலைக்காட்சியும் எட்டாத ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவதே அடுத்த மருத்துவம். முள்ளெலி சத்தமில்லாமல் கிடப்பது அமைதியினால் அன்று. காட்டு விலங்குக்கு மனித வாசனையும் பேச்சும் அச்சத்தையே தரும். மடியில் வைத்துத் தடவிக்கொடுத்ததாகவும் அது மிகவும் சாதுவாக இருந்ததாகவும் மகிழ்ச்சியோடு சொல்கிறவர்களிடம், சாதுவாக இருந்தது என்பதே அது எவ்வளவு மோசமான நிலையில் இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று விளக்குவது எனக்கு எப்போதும் சங்கடமான வேலை.

உடம்பு சூடேறி, எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஆழமில்லாத தட்டில் தண்ணீரும், இறைச்சியுள்ள நாய் அல்லது பூனை உணவும் வைக்கலாம். பாலும் ரொட்டியும் வேண்டவே வேண்டாம். முள்ளெலிக்குப் பால் வைப்பது இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். நல்ல மனத்தோடு செய்யப்படும் தீங்குகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். மாட்டுப்பாலிலுள்ள சர்க்கரையை அதனால் செரிக்க முடியாது. வயிற்றுப்போக்கு கண்டு, ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பு மேலும் வற்றிப்போகும். கடைகளில் பறவைகளுக்கென்று விற்கும் உலர்ந்த மாவுப்புழுக்களும் அதற்குக் கேடுதான். அவற்றில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. முள்ளெலி மற்றெல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அவற்றையே தின்னும் அளவுக்கு விரும்பும். வளரும் குட்டிகளின் எலும்பு மெலிந்து, காலூன்ற முடியாமல் நிலையத்துக்கு வருவதற்கு இது ஒரு காரணம்.

இதற்கிடையில் தொலைபேசியில் ஒருவரைப் பிடித்துவிட வேண்டும். அருகிலுள்ள மறுவாழ்வு நிலையம் எது என்பதை 1982இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கம் சொல்லும். கால்நடைகள் தாண்டாமலிருக்கத் தரையில் பதிக்கும் கம்பித் தட்டிக் குழிக்குள் விழுந்து தவித்த ஒரு முள்ளெலியைக் கண்ட மேஜர் ஏட்ரியன் கோல்ஸ் என்பவர், அந்தக் குழிகளில் ஏறிவரச் சாய்தளம் அமைக்கச் சொல்லித் தொடங்கிய இயக்கம் அது. நிலையம் எதுவும் கிட்டாத நள்ளிரவில் கால்நடை மருத்துவரை அழைக்கலாம். எந்த விலங்கானாலும் அவசர முதலுதவியும் வலி நீக்கமும் அளிப்பது பிரிட்டனில் அவர்களுடைய தொழில்நெறியின் ஒரு பகுதி. காட்டு விலங்கு என்றால் கொண்டுவந்தவரிடம் பெரும்பாலும் கட்டணம் கேட்பதில்லை. சட்டமும் குறுக்கே நிற்காது. 1981ஆம் ஆண்டின் காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டம் முள்ளெலியைப் பொறிவைத்துப் பிடிப்பதைத் தடுக்கிறதே தவிர, நலிந்ததை எடுத்துப் பராமரித்துத் திரும்ப விடுவதைத் தடுப்பதில்லை. தொலைபேசியில் நாங்கள் கேட்பவை இவை: கண்ட நேரம், கண்ட இடம், சமையலறைத் தராசில் வைத்த எடை, ஈக்கள் உண்டா, நடந்ததா. எடையையும் இடத்தையும் பெட்டியின் மேலேயே எழுதிவிடுவது நல்லது.

குட்டிகள் விஷயத்தில் அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதரை வெட்டும்போதோ கொட்டகையை நகர்த்தும்போதோ கூடு கலைந்து, உள்ளே தாயும் குட்டிகளும் தெரிந்தால், கலைந்த இலைகளைக் கையால் தொடாமல் ஒரு குச்சியாலோ கையுறையாலோ திரும்ப மூடிவிட்டு, அன்றைக்கு அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் உதவி. பிறந்து சில நாள்களே ஆன குட்டிகளின் அருகில் தொந்தரவு ஏற்பட்டால் தாய் அவற்றைக் கைவிட்டுவிடும். சில வேளைகளில் கொன்றும்விடும். கூட்டுக்குச் சற்றுத் தள்ளி உணவும் தண்ணீரும் வைத்துவிட்டு, மறுநாள் தூரத்திலிருந்து பார்த்தால் அவள் அங்கேயே இருக்கிறாளா, குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விட்டாளா என்பது தெரியும். அதற்கு மாறாக, கண் திறக்காத அல்லது அப்போதுதான் திறந்த குட்டிகள் பகலில் கூட்டைவிட்டு வெளியே வந்து, பறவைக்குஞ்சைப்போலக் கீச்சிட்டுக்கொண்டிருந்தால் தாய்க்கு ஏதோ நேர்ந்துவிட்டது. கண் திறக்க இரண்டு வாரமாகும். தாயைவிட்டுப் பிரிந்து வாழ ஆறு முதல் எட்டு வாரமாகும். ஒன்று கிடைத்தால் சுற்றிலும் தேட வேண்டும்; மற்றவை செடிகளுக்கடியில் சத்தமின்றிக் குளிர்ந்து கிடக்கலாம். சூட்டில் வைத்து உடனே கொண்டுவந்துவிட வேண்டும். வீட்டில் பாலூட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று மணிக்கொருமுறை இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக ஊட்டி, ஒவ்வொரு முறையும் அடிவயிற்றை ஈரப் பஞ்சால் வருடி மலசலம் கழிக்க வைத்தால்தான் அந்த வயதுக் குட்டி பிழைக்கும். ஒரு சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா. பழகிய கைகளுக்கே இது எளிதன்று.

இலையுதிர்காலம் வந்தால் அழைப்புகளின் தன்மை மாறிவிடும். ஜூனில் பிறந்தவை நவம்பருக்குள் கொழுத்துவிடும். செப்டம்பரில் பிறந்த இரண்டாம் ஈட்டுக் குட்டிகளுக்கோ காலம் போதாது. குளிர்கால உறக்கத்தில் முள்ளெலியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தின் அளவுக்கே, நான்கைந்து டிகிரி வரைக்கும், இறங்கிவிடும். நிமிடத்துக்கு 190 தடவை துடித்த இதயம் இருபதுக்கு வரும். சேர்த்துவைத்த கொழுப்பு மட்டுமே நவம்பரிலிருந்து மார்ச் வரை எரிபொருள். அதற்குக் குறைந்தபட்சம் 450 கிராம் எடையாவது வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. பல நிலையங்கள் 600 கிராமையும் தாண்டினால்தான் நிம்மதி அடையும். இந்த எண்கள் பரவலாகத் தெரிந்துவிட்டதால் இப்போது வேறொரு சிக்கல். அக்டோபர் தொடக்கத்தில், இரவில் சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருக்கும் 400 கிராம் குட்டியைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதன் பின்புறம் உருண்டிருக்கிறது, கண் பளிச்சென்றிருக்கிறது, கழுத்துப் பள்ளம் இல்லை. அதற்கு வேண்டியது தினமும் இரவில் ஒரு தட்டுப் பூனை உணவும் சில வாரங்களும்தான். அதைவிட நீளமான எலும்புக்கூட்டோடு 550 கிராம் இருக்கும் பெரிய முள்ளெலி பட்டினியில் செத்துக்கொண்டிருக்கலாம். எடையை உடல் நீளத்தோடும் வடிவத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தராசு முள்ளை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. உறைபனி விழத் தொடங்கிய பிறகும் எடை ஏறாத குட்டியை எடுத்துவிட வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை.

அப்படி எடுத்தவற்றையெல்லாம் வசந்தம்வரை கூண்டில் வைத்திருப்பதே முன்பு வழக்கமாக இருந்தது. தக்க எடை வந்தவற்றைக் குளிர்காலத்திலேயே, மிதமான வானிலையைப் பார்த்து விட்டாலும் அவை நன்றாகவே பிழைக்கின்றன என்று நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கூண்டுகள் நிரம்பி வழியும் டிசம்பரில் இந்த முடிவு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். முள்ளெலிக்கும் அது நல்லதுதான். பூட்டிய கூண்டில் பல மாதங்கள் இருப்பது அதற்குப் பெரிய உளைச்சல்.

குளிர்காலத்தில் இலைக்குவியலைக் கிளறியபோது உள்ளே உறங்கும் முள்ளெலி தென்பட்டால், இறந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே பல நிமிட இடைவெளிகூட இருக்கும். இறுகச் சுருண்டு, தொட்டதும் முட்கள் லேசாகச் சிலிர்த்தால் அது நலமாக உறங்குகிறது. அதே இலைகளைத் திரும்பக் குவித்து மூடிவிட வேண்டும். குளிர்காலத்தின் நடுவே சில தடவை விழித்துக் கூடு மாற்றுவதும் இயல்பு. ஜனவரி இரவில் ஒன்று நடந்து போவதைப் பார்த்தால் உணவும் தண்ணீரும் வைத்துக் கவனிக்கலாம். சில்லிட்ட உடம்போடு தளர்ந்து, விரிந்து கிடப்பது மட்டும் உறக்கமன்று.

நிலையத்துக்கு வந்தபின் நடப்பதில் பெரும்பகுதி நுண்ணோக்கியடியில் மலத்தைப் பார்ப்பதும், நுரையீரல் புழுவுக்கு மருந்து கொடுப்பதும், தினமும் எடை போட்டு எழுதுவதுமான சலிப்பூட்டும் வேலை. எப்போதாவது வியப்பூட்டுவதும் வரும். உள்காயத்தாலோ தொற்றாலோ தோலுக்கடியில் காற்று சேர்ந்து, முள்ளெலி இயல்பைப்போல் இருமடங்கு உப்பி, கால்கள் தரையில் பாவாமல் அந்தரத்தில் உதைத்துக்கொண்டு வந்து சேரும். மருத்துவர் முதுகுத் தோலில் ஊசியைச் செருகிக் காற்றை மெல்ல இறக்குவார். முட்கள் வரிசை வரிசையாகப் படிந்து, சற்று நேரத்தில் மேசைமேல் பழைய அளவில் ஒரு முள்ளெலி, மிகுந்த கோபத்தோடு, நின்றுகொண்டிருக்கும். தோல் அவ்வளவு தளர்வாக உடம்போடு இணைந்திருப்பதால்தான் சுருளவும் முடிகிறது, இப்படி உப்பவும் முடிகிறது. எல்லாம் இப்படி முடிவதில்லை. புல்வெட்டி முகத்தைச் சிதைத்தவை, முதுகெலும்பு முறிந்தவை, தங்கள் காலாலேயே சொறிந்துகொள்ளவோ தோண்டவோ இனி இயலாதவை ஆகியவற்றை வலியில்லாமல் முடித்துவிடுகிறார்கள். காட்டில் தன்னந்தனியாக வாழ வேண்டிய உயிரை ஊனத்தோடு கூண்டில் வைத்திருப்பது பரிவு ஆகாது என்பதே என் எண்ணமும். கொண்டுவந்தவர் மறுநாள் தொலைபேசியில் கேட்கும்போது இதை மறைக்காமல் சொல்லிவிடுவேன். நீங்கள் எடுத்துவந்ததால் அது மூன்று நாள் புழுவரிக்கக் கிடந்து சாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

புல்வெட்டியைச் சொன்னதால் ஒரு விவரம். 2021இல் டென்மார்க் ஆய்வாளர் சோஃபி லுண்ட் ராஸ்முசெனும் உடன் பணியாற்றியவர்களும், நிலையங்களில் ஏற்கெனவே இறந்த முள்ளெலிகளைக் கொண்டு 18 வகைத் தானியங்கிப் புல்வெட்டிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றுகூட முள்ளெலியைத் தொடாமல் முன்கூட்டியே கண்டுகொள்ளவில்லை; 200 கிராமுக்குக் குறைந்த குட்டிகளைத் தொட்டும் கண்டுகொள்ளவில்லை. இரவில் அவற்றை ஓடவிடாமல் இருப்பதற்கு ஒரு பொத்தானை மாற்றியமைத்தால் போதும். உயரமான புல்லைக் கையியந்திரத்தால் வெட்டுமுன் ஒரு குச்சியால் அடியில் துழாவிப் பார்ப்பதும், கால்பந்து வலையை ஆட்டம் முடிந்ததும் தூக்கிக் கட்டிவிடுவதும், குளத்தின் ஓரத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பதும், பிரிட்டனில் ஆண்டுதோறும் தீ வளர்த்துக் கொண்டாடும் நவம்பர் 5 அன்று கொளுத்த வேண்டிய விறகுக் குவியலை அன்றே வேறிடத்துக்கு மாற்றி அடுக்குவதும் இதே வகை. நான் கொண்டுவந்த பெட்டிகளில் இருந்தவற்றுள் பல, இவற்றில் ஏதோ ஒன்று நடக்காததால் வந்தவை.

குணமானதைத் திரும்ப விடும்போது எடுத்த இடத்திலேயே விடுவதுதான் நெறி. உணவு கிடைக்கும் மூலை, பகலில் உறங்கும் கூடுகள், வேலியில் நுழையும் சந்து எல்லாம் அதற்கு மனப்பாடம். புதிய இடத்தில் ஒவ்வொன்றையும் நரிக்கும் காருக்கும் நடுவே முதலிலிருந்து தேட வேண்டும். பெட்டியின்மேல் இடத்தை எழுதச் சொல்வது இதற்காகத்தான். "சாலையோரம்" என்று மட்டும் எழுதி வாசலில் வைத்துவிட்டுப் போகும் பெட்டிகளும் உண்டு. அவற்றிலிருப்பவை தேறிவிட்டால் எங்கே விடுவது என்பதற்கு நாங்கள் தெரிந்த தோட்டங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இடம் தெரிந்தவற்றை, வறண்டு குளிராத ஒரு மாலையில், இருட்டத் தொடங்கும் நேரத்தில் கொண்டுபோய், எடுத்துக்கொடுத்தவரையே பெட்டியைத் திறக்கச் சொல்வோம். புதருக்கடியில் காய்ந்த புல் நிரப்பிய ஒரு மரப்பெட்டியும், அருகில் தண்ணீரும், அடுத்த சில வாரங்களுக்கு இரவில் ஒரு தட்டு உணவும் வைக்கச் சொல்லிவிட்டு வருவோம். வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள ஒரு துளையிட முடியுமா என்றும் கேட்போம். அந்த அளவில் முள்ளெலி நுழையும், பெரும்பாலான நாய்கள் நுழையா. பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேச வேண்டியிருக்கும் என்பதால் அதற்குத்தான் சிலர் தயங்குவார்கள்.